கொக்கிளாய்ப் பயணமும் ‘வரலாமா?’ என்ற கேள்வியும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கு எல்லையில், கரைத்துறைப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கும் கடலோரக் கிராமம் கொக்கிளாய். கிழக்கே கடல். மேற்கே ஏறத்தாழ 30 சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்து கிடக்கும் களப்பு. களப்பின் வாய்க்கு அக்கரையில் தெரிவது புல்மோட்டை. அது திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊரின் பெயரிலேயே கொக்கு இருக்கிறது. அயலூரான கொக்குத்தொடுவாயின் பெயரிலும் கொக்கு இருக்கிறது. 1951ஆம் ஆண்டிலேயே இக்களப்பு பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது என்பதை அறியும்போது, இப்பெயர்கள் சும்மா வந்தவையல்ல என்பது விளங்கும்.

இவ்வூரைப் பார்க்க வேண்டுமென்று நானும் என் தோழியும் நெடுநாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். மாசி மாதத்தில் இரண்டு நாள் விடுமுறை கிடைத்தபோது புறப்படத் தீர்மானித்தோம். அப்போது எங்கள் முன்னால் நின்ற முதற் கேள்வி, எங்கே தங்குவது என்பதுதான். கொக்கிளாய் விடுதிகள் வரிசையாக நிற்கும் ஊரல்ல. முல்லைத்தீவு நகரில் தங்கி, அங்கிருந்து காலையில் போய் மாலையில் திரும்புவதே பெண்களுக்கு வசதி. நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இப்போது சிலர் தமது வீட்டில் ஓர் அறையையோ இரண்டு அறைகளையோ ஒழுங்குபடுத்தி, கைத்தொலைபேசிச் செயலிகள் மூலம் நாள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். நாங்களும் அப்படி ஒரு வீட்டைத் தேடினோம்.

பயணக் கட்டுரையில் அறை பிடித்த கதை எதற்கு என்று வாசகிகள் நினைக்கக்கூடும். ஆனால் அந்தக் கேள்வி பதிலுக்குள் எமது சமூகத்தின் முகம் தெரிந்தது. மேலும், வீட்டிலிருந்தபடியே ஒரு வருமானம் தேட நினைக்கும் சகோதரிகள் பலருக்கு இம்முறை பற்றிய தெளிவு தேவைப்படுகிறது. ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்லிவிட்டு ஊருக்கு வருகிறேன்.

கோரிக்கை எப்படிப் போகிறது?

இந்த முறையை உலகெங்கும் பரப்பியது எயார்பிஎன்பி என்ற நிறுவனம். 2007 ஒக்டோபரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் வீட்டு வாடகை கட்டச் சிரமப்பட்ட இரு இளைஞர்கள், அங்கு நடந்த ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களுக்குத் தமது வீட்டில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு இடம் கொடுத்தார்கள். காலை உணவும் கொடுத்தார்கள். முதலில் வந்து தங்கிய மூவரில் ஒருவர் இந்தியர், இன்னொருவர் ஒரு பெண். அடுத்த ஆண்டு அது நிறுவனமாயிற்று. மெத்தையும் காலை உணவும்தான் அதன் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இப்படியான செயலியில் ஒரு வீட்டைப் பார்த்துப் பிடித்துவிட்டால், விருந்தினருக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வெறுமனே விசாரிப்பது. ‘இந்தத் திகதியில் அறை இருக்கிறதா, சமையலறையைப் பாவிக்கலாமா’ என்று கேட்டு எழுதலாம். இதில் இரு பக்கத்துக்கும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

இரண்டாவது, பதிவுக் கோரிக்கை. திகதி, ஆட்களின் எண்ணிக்கை, பணம் செலுத்தும் அட்டையின் விபரம் எல்லாவற்றையும் கொடுத்து, ‘நாங்கள் வரலாமா?’ என்று கேட்பது. எயார்பிஎன்பியில் இதற்கு 24 மணித்தியாலத்துக்குள் வீட்டுக்காரர் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோரிக்கை தானாகவே காலாவதியாகிவிடும்; விருந்தினரிடம் பணம் அறவிடப்படமாட்டாது. சம்மதித்தால் பதிவு உறுதியாகி, வீட்டின் சரியான முகவரியும் தொலைபேசி இலக்கமும் விருந்தினருக்குக் கிடைக்கும். அதற்கு முன்னர் வரைபடத்தில் ஏறக்குறைய எந்தப் பகுதி என்பது மட்டுமே தெரியும். தனியே இருக்கும் பெண்களுக்கு இது ஒரு பாதுகாப்பு.

மூன்றாவது, உடனடிப் பதிவு. வீட்டுக்காரர் முன்கூட்டியே தமது நிபந்தனைகளைப் போட்டு வைத்திருப்பார். அவற்றுக்கு உட்பட்டவர் எவரும் கேளாமலே பதிவு செய்துவிடலாம். புக்கிங் டொட் கொம் போன்ற தளங்களில் பெரும்பாலும் இந்த முறைதான். பதிவு செய்தவுடன் உறுதியாகிவிடும். வீட்டுக்காரருக்கு அறிவித்தல் மட்டும் வரும்.

சம்மதித்த பின்னர் வீட்டுக்காரரே மனம் மாறி இரத்துச் செய்தால் செயலி நிறுவனம் தண்டப்பணம் அறவிடலாம். பதிலே சொல்லாமல் அடிக்கடி விட்டுவிடுபவரின் வீடு தேடுவோரின் கண்ணில் படாமல் பின்னுக்குத் தள்ளப்படும். ஆகவே ‘ஆம்’ என்று சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும். ஆனால் யோசிப்பதற்கு ஒரு நாள்தான் இருக்கிறது. விருந்தினர் கட்டிய பணம் அதுவரை நிறுவனத்திடம் இருந்து, அவர் வந்து சேர்ந்து ஏறத்தாழ ஒரு நாள் கழிந்தபின் வீட்டுக்காரருக்கு அனுப்பப்படுகிறது. தங்கல் முடிந்து 14 நாட்களுக்குள் இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதலாம். இருவரும் எழுதி முடிக்கும்வரை, அல்லது அந்தக் கெடு முடியும்வரை, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க முடியாது.

எங்களுக்கு வந்த மூன்று பதில்கள்

முதலாவது வீட்டுக்கு நாங்கள் அனுப்பிய கோரிக்கைக்குப் பத்து நிமிடத்திலேயே பதில் வந்தது. ‘இரண்டு பேரும் பெண்கள்தானோ? ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?’ என்று கேட்டிருந்தார்கள். ஆம் என்று எழுதினோம். சற்று நேரத்தில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. இரண்டு பெண்கள் பறவை பார்க்க வருகிறார்கள் என்பது அந்த வீட்டாருக்கு நம்பக்கூடிய விடயமாகப் படவில்லைப் போலும்.

இரண்டாவது வீட்டார் மிகவும் அன்பாக எழுதினார்கள். ‘உங்கட சொந்த இடம் எது?’ என்று கேட்டார்கள். சொன்னோம். ‘அதிலை எந்தப் பக்கம்? ஆரின்ரை ஆக்கள்?’ என்று அடுத்த கேள்வி வந்தது. இக்கேள்வி எதைத் தேடுகிறது என்பது எங்கள் மண்ணில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிணற்றுக் கட்டிலும் கோவில் வாசலிலும் கேட்கப்பட்ட அதே கேள்விதான், இப்போது கைத்தொலைபேசிக்குள் வந்து நிற்கிறது. என் தோழி அந்தக் கோரிக்கையை உடனே மீளப் பெற்றுக்கொண்டாள்.

மூன்றாவதாக ஓர் அக்காவின் வீட்டுக்கு எழுதினோம். அவர் பதில் அனுப்ப மாலையாகிவிட்டது. அவரும் கேள்விகள் கேட்டார். எத்தனை மணிக்கு வருவீர்கள், பஸ்ஸிலா வாகனத்திலா, மச்சமா சைவமா, என்ன அலுவலாக வருகிறீர்கள் என்று கேட்டார். பிறகு தன் வீட்டைப் பற்றியும் சொன்னார். குளியலறை வெளியே இருக்கிறது. நாய் ஒன்று நிற்கிறது, கடிக்காது, ஆனால் குரைக்கும். அம்மாவுக்கு வயது போய்விட்டது, இரவு ஒன்பது மணிக்குப் பின் சத்தம் போடக்கூடாது. கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தார்: ‘அம்மாவிட்டைச் சண்டைக் காலத்தைப் பற்றிக் கேளாதேங்கோ. தம்பியை நினைச்சுப்போடுவா.’ அவ்வளவும் எழுதிவிட்டு, ‘சரியெண்டால் வாங்கோ’ என்று சம்மதம் தந்திருந்தார்.

மூன்று வீட்டாரும் கேள்வி கேட்டார்கள். மூவருக்கும் அந்த உரிமை உண்டு. தமது வீட்டுக்குள் முன்பின் தெரியாதவரை விடப்போகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் முதல் இருவரும் நாங்கள் யார் என்று கேட்டார்கள். அக்கா, எங்கள் வருகை எப்படிப்பட்டது என்று கேட்டார். இந்த வேறுபாட்டை நாம் நன்றாக மனதில் வைக்க வேண்டும்.

பெயரைப் பார்த்து மூடும் கதவு

இது எமது ஊரின் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் ஐந்து நகரங்களில் ஒரு சோதனை செய்தார்கள். ஏறத்தாழ 6400 வீடுகளுக்கு ஒரே மாதிரியான கோரிக்கைகளை அனுப்பினார்கள். விருந்தினரின் பெயர் மட்டுமே வித்தியாசம். சிலவற்றில் வெள்ளையருக்கு வழக்கமான பெயர். சிலவற்றில் கறுப்பின மக்களுக்கு வழக்கமான பெயர். வெள்ளையர் பெயருக்கு ஏறத்தாழ 50 வீதமான சம்மதம் கிடைத்தபோது, கறுப்பினத்தவர் பெயருக்கு 42 வீதமே கிடைத்தது. 2017ஆம் ஆண்டில் இவ்வாய்வு வெளியாயிற்று. இதற்கிடையில் 2016ஆம் ஆண்டிலேயே, தமக்குக் கதவு மூடப்பட்ட அனுபவங்களைப் பலர் பகிரங்கமாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

நிறுவனம் பாகுபாட்டுக்கு எதிரான விதிகளைக் கொண்டு வந்தது. 2018ஆம் ஆண்டிலிருந்து, வீட்டுக்காரர் கோரிக்கையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் விருந்தினரின் புகைப்படம் அவருக்குத் தெரியும் என்று மாற்றியது. படத்தை மறைத்தது நல்லதுதான். ஆனால் பெயரைப் பார்த்தே இனம், மதம், சில வேளை ஊரையும் சாதியையும்கூட ஊகித்துவிடும் எமது நாட்டில், படத்தை மறைப்பதால் மட்டும் கதவு திறந்துவிடாது. கதவின் கொண்டி மனதில் இருக்கிறது.

கொழும்பில் தமிழ்ப் பெயருக்கு அறை கிடைக்காமல் அலைந்த காலத்தை எம்மவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வலியை அறிந்த நாங்களே இன்னொருவரின் பெயரையும் ஊரையும் பார்த்துக் கதவை மூடினால், பட்ட துன்பத்தில் நாம் எதைக் கற்றுக்கொண்டோம்?

அக்காவின் வீடு

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு வரும் வீதியில் பஸ் ஓடும்போது இருபுறமும் காடும் வயலும் குளங்களுமாக மாறி மாறி வருகின்றன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. படலையடியில் அக்கா நின்றுகொண்டிருந்தார். “வாங்கோ பிள்ளையள், பஸ்ஸுக்கை இடம் கிடைச்சதோ?” என்று கேட்டபடி என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். முன் விறாந்தையில் அம்மா கதிரையில் இருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் கும்பிட்டுவிட்டு, அவருடைய சுகத்தை மட்டும் விசாரித்தோம்.

அன்றிரவு புட்டும் கணவாய்க் கறியும் சாப்பிட்டோம். பிறகு பின் வளவில் இருந்து கதைத்தபோது அக்கா தன் அனுபவத்தைச் சொன்னார். ஆரம்பத்தில் அவர் உடனடிப் பதிவு முறையைத்தான் வைத்திருந்தாராம். வருமானம் கூடும் என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார். ஒருநாள் இரண்டு பேர் என்று பதிந்துவிட்டு ஆறு பேர் இரவு பதினொரு மணிக்கு வந்து இறங்கினார்கள். குடித்துவிட்டுச் சத்தம் போட்டார்கள். அம்மா பயந்துபோய் விடியும்வரை நித்திரை கொள்ளவில்லை.

“அடுத்த நாளே அதை மாத்திப்போட்டன். இப்ப ஆர் வாறதெண்டாலும் என்னைக் கேட்டுத்தான் வரவேணும். கேட்டால் நான் ஒண்டும் பேய்க்கதை கேக்கிறேல்லை. எத்தினை பேர், எத்தினை மணி, என்னத்துக்கு வாறியள். அவ்வளவுதான். ஒழுங்கான ஆக்கள் ஒழுங்காய்ப் பதில் எழுதுவினம். ஒளிக்கிற ஆக்கள் கேள்விக்குப் பதில் எழுதாயினம்.”

“ஆம்பிளையள் மட்டும் வந்தால்?” என்று என் தோழி கேட்டாள்.

“அவைக்கும் குடுத்திருக்கிறன். சிங்கள ஆக்கள், முஸ்லிம் ஆக்கள், வெளிநாட்டு ஆக்கள் எல்லாரும் வந்திருக்கினம். எங்கட சனம்தான் கனக்க ஆராயிறது” என்று சொல்லிச் சிரித்தார்.

யார் வந்தாலும் தேசிய அடையாள அட்டையை அல்லது கடவுச்சீட்டைப் பார்த்து ஒரு கொப்பியில் இலக்கத்தைக் குறித்துக்கொள்கிறார். இது எல்லோருக்கும் ஒரே மாதிரி. ஆகவே யாரும் கோபிப்பதில்லை என்றார். வீட்டிலுள்ள விதிகளையும் கட்டுப்பாடுகளையும் முன்கூட்டியே சொல்லிவிடுவதால், பின்னர் மனவருத்தத்துக்கு இடமில்லை. குளியலறை வெளியே இருக்கிறது என்று சொன்னதால் சிலர் வராமல் விட்டிருக்கிறார்கள். ஆனால் வந்த எவரும் அதைப் பற்றிக் குறை எழுதியதில்லை.

கொக்கிளாயில்

அடுத்த நாள் விடியற்காலையிலேயே புறப்பட்டோம். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். சிலாவத்தை, அலம்பில், செம்மலை என்று வீதி தெற்கு நோக்கிப் போகிறது. நாயாற்றுப் பாலத்தைக் கடந்தபின் ஆள் நடமாட்டம் குறைகிறது. கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களைத் தாண்டினால் கொக்கிளாய் வந்துவிடும்.

களப்பு அன்று காற்றில்லாமல் கிடந்தது. ஆழமில்லாத இடங்களில் கொக்குகளும் நாரைகளும் நின்றன. நீர்க்காகங்கள் கம்புகளில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. தூரத்தில் கூழைக்கடாக்களின் கூட்டம் ஒன்று மிதந்தது. மாரியில் வடக்கே குளிர் தேசங்களிலிருந்து வலசை வரும் பறவைகள் பங்குனி அளவில் திரும்பத் தொடங்கிவிடும். ஆகவே மாசி மாதம் போனது நல்லதாயிற்று. இறால் பிடிக்கும் சிறு தோணிகள் பறவைகளைக் கலைக்காமல் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தன. பெண்கள் சிலர் கரையில் மீன் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

களப்பின் வாயில் பாலம் இல்லை. புல்மோட்டை கண்ணுக்கெட்டிய தூரத்தில் தெரிகிறது. வீதியால் போவதென்றால் களப்பைச் சுற்றி நெடுந்தூரம் போகவேண்டும். படகில் ஏறினால் சில நிமிடங்களில் அக்கரை. பாலம் வேண்டுமென்பது இவ்விரு கரை மக்களினதும் பழைய கோரிக்கை. அதற்கு 24 மணித்தியாலக் கெடு வைக்க ஒருவரும் இல்லாதபடியால் அது இன்னும் காத்திருக்கிறது.

இந்த ஊரின் அமைதியைப் பார்த்துவிட்டு வந்து, அதன் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. 1984 டிசம்பர் தொடக்கத்தில் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் இருந்த சிங்கள மீனவக் குடும்பங்கள் தாக்கப்பட்டுப் பலர் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து சுற்றியிருந்த தமிழ்க் கிராமங்களில் கொலைகள் நடந்தன. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். போர் 2009இல் முடிந்து, 2011 அளவில்தான் அவர்கள் திரும்ப முடிந்தது. இடையில் கால் நூற்றாண்டுக்கு மேல். வெளியேறும்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள் தாமும் பிள்ளைகளைப் பெற்றபின் திரும்பி வந்தார்கள். அவ்வளவு காலமும் அவர்கள் உறவினர் வீட்டிலும் முகாமிலும் பிறருடைய வளவிலும் இருந்தவர்கள். ‘வந்து இருக்கலாமோ?’ என்று கேட்டுக் கேட்டுக் காலம் கழித்தவர்கள்.

கடலிலும் இந்தக் கேட்கும் வழக்கம் இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்துவிட்டு, பருவம் முடியத் திரும்புவார்கள். கரைவலை இழுக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு ‘பாடு’. ஒவ்வொரு பாட்டுக்கும் உரியவர் உண்டு. அவரைக் கேளாமல் இன்னொருவர் அங்கே வலை இழுப்பதில்லை. கேட்டு வந்து, பருவம் முடியப் போன காலத்தில் பிணக்கு இருக்கவில்லை என்று ஒரு முதியவர் சொன்னார். கேளாமல் வந்து நிலையாக இருந்துவிட்டபோதுதான் காணியிலும் பாட்டிலும் பிணக்கு வளர்ந்தது என்பது அவர் கருத்து. திரும்பி வந்தவர்களில் பலர் தமது காணியும் பாடும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்று இன்றும் முறையிடுகிறார்கள்.

அவர் பேசப் பேச, நாங்கள் கைத்தொலைபேசியில் அனுப்பிய அந்தச் சிறு கோரிக்கையின் பொருள் எனக்கு இன்னும் தெளிவாயிற்று. கேட்டு வருபவர் விருந்தினர். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்வதே, அந்த நிலத்துக்கும் வீட்டுக்கும் உரியவரை மதிப்பதாகும். நெடுங்காலம் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல ஒரு வாசல் இல்லாதிருந்த மக்களுக்கு, இன்று ‘வாங்கோ’ என்று சொல்லக் கிடைத்திருப்பது சிறிய காரியமல்ல.

விருந்தினராகப் போவோருக்கு

இந்தப் பகுதிக்கு வருபவர்களில் போர் நடந்த இடங்களைப் பார்க்க வருபவர்கள் அதிகம். முள்ளிவாய்க்காலுக்குப் போகிறார்கள். 2023 யூன் மாதம் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. பின்னர் அங்கு நடந்த அகழ்வில் பல எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அதையும் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். அறிய விரும்புவது தவறில்லை. ஆனால் நீங்கள் தங்கப்போகும் வீட்டிலேயே காணாமற்போன ஒருவருக்காகக் காத்திருக்கும் தாய் இருக்கக்கூடும். ஆகவே என்ன நோக்கத்தோடு வருகிறீர்கள் என்பதைக் கோரிக்கையிலேயே நேர்மையாக எழுதுங்கள். வீட்டார் விரும்பினால் தாமாகவே பேசுவார்கள்.

எத்தனை பேர் என்பதை மறைக்காதீர்கள். வந்து சேரும் நேரத்தைச் சொல்லுங்கள், பிந்தினால் அறிவியுங்கள். செயலியில் பார்த்துவிட்டு, ‘வெளியால் குறைத்துத் தாருங்கள்’ என்று பேரம் பேசுவதும், முன்பின் அறியாத வங்கிக் கணக்குக்கு முற்பணம் போடுவதும் இரு பக்கத்துக்கும் ஆபத்து. பணம் தொலைந்தால் கேட்க ஆள் இராது. பெண்கள் தனியே போகும்போது, அந்த வீட்டில் முன்னர் தங்கிய பெண்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தேடி வாசியுங்கள். சம்மதம் கிடைத்தபின் முகவரியை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் புறப்படுங்கள்.

வீட்டைத் திறக்க விரும்பும் சகோதரிகளுக்கு

ஓர் அறை, சுத்தமான படுக்கை, பூட்டக்கூடிய கதவு, நல்ல குளியலறை, சமைக்கத் தெரிந்த கை. தொடங்குவதற்கு இவை போதும். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, இப்படி வீட்டில் இடம் கொடுப்பவர்களையும் ஒரு தனி வகையாகப் பதிவு செய்கிறது. பிரதேச சபையிலும் பிரதேச செயலகத்திலும் விசாரித்து, உரிய பதிவுகளைச் செய்துகொண்டு தொடங்குவது நல்லது. உங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து செய்தால், ஒருவர் வீட்டில் இடம் இல்லாதபோது மற்றவர் வீட்டுக்கு விருந்தினரை அனுப்பலாம். செயலியில் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை நாலு வீட்டுக்கும் பதில் எழுதலாம்.

ஓர் அறை மட்டும் உள்ள வீட்டுக்கு, அதிலும் பெண்களும் முதியவர்களும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, உடனடிப் பதிவைவிடக் கோரிக்கை முறையே பொருத்தமானது. வருமானம் சற்றுக் குறையலாம், நித்திரை கெடாது. கைத்தொலைபேசியில் காலையும் மாலையும் பார்த்து, ஒரு நாளுக்குள் பதில் எழுதிவிடுங்கள். இல்லை என்பதானாலும் காரணத்துடன் எழுதுங்கள். ‘அன்றைக்கு வீட்டில் திவசம்’ என்றோ, ‘ஆறு பேருக்கு இடம் போதாது’ என்றோ ஒரு வரி எழுதினால், கேட்டவர் மனம் நோகாமல் வேறிடம் தேடுவார்.

கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். எத்தனை பேர், எந்த நேரம், எத்தனை நாள், என்ன நோக்கம், சாப்பாடு வேண்டுமா, அடையாள அட்டை காட்டுவீர்களா. இவற்றை வருபவர் எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேளுங்கள். சொந்த ஊரில் எந்தப் பக்கம், எந்தச் சமயம், கலியாணம் முடித்தவரா, கூட ஆண் துணை உண்டா என்ற கேள்விகளை விட்டுவிடுங்கள். அவற்றின் பதிலால் உங்கள் வீட்டுப் பாதுகாப்பு ஓர் அங்குலமும் கூடப்போவதில்லை. உங்களுக்கு இரவில் பயத்தைத் தரக்கூடியது வருபவரின் பிறப்பா, அவர் நடந்துகொள்ளும் விதமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

கொக்கிளாய்க்குப் போக விரும்புவோர் தை, மாசி மாதங்களைத் தெரிவு செய்யுங்கள். அதிகாலையிலேயே களப்படிக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறினால் பறவைகள் தூரப்போய்விடும். தண்ணீரும் தொப்பியும் கொண்டு போங்கள். பொலித்தீன் எதையும் கரையில் விட்டுவராதீர்கள். ஊருக்குள் கடைகள் குறைவு. ஆனால் கரையில் நிற்கும் பெண்களிடம் கேட்டால், அன்று பிடித்த இறாலும் மீனும் நியாயமான விலைக்குக் கிடைக்கும். படம் எடுப்பதென்றால் அவர்களிடம் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் கேட்டோம். ஒருவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார். மற்றவர் வேண்டாம் என்று தலையசைத்தார். இரண்டு பதிலும் எங்களுக்குச் சம்மதமாகவே இருந்தன.